அலமேலுவில் விட்டுப்போன ‘ர்’

மூன்று மாதம் முன்னால் என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கார்த்திகை நட்சத்திரம், முதல் பாதம். கார்த்திகைக்கு அ, இ, உ, எ என்று நான்கு எழுத்து சொல்வார்கள், முதல் பாதம் என்றால் ‘அ’. பிறந்த மூன்றாம் நாளே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெயர்கள் வந்து குவிய ஆரம்பித்தன. அன்விதா, அனிகா, அத்விகா, அக்ஷரா, அஷ்மிதா. யாரோ ஒரு செயலியில் இருந்த ‘அ’ வரிசையை மொத்தமாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தேடினது அதில் இல்லை. அதனால் நானே தட்டினேன்: அலமேலு. எங்கள் ஆயாவின், அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டியின், பெயர்.

கொஞ்ச நேரம் யாரும் எதுவும் போடவில்லை. அப்புறம் சித்தி மகன் சிரிக்கிற பொம்மை நான்கு போட்டான். பெரியப்பா மகள், “அக்கா, ஆயா பேருன்னு ஆசை இருக்கும்தான், ஆனா ஸ்கூல்ல புள்ளைய ஓட்டுவாங்க” என்று எழுதினாள். அக்கறையில்தான் சொன்னாள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அன்று ராத்திரி தம்பி மனைவி எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். “அண்ணி, அலமேலுன்னா என்ன அர்த்தம்?”

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து, அது போனில் அடங்காமல் நீண்டுகொண்டே போனதால்தான் இங்கே எழுதுகிறேன்.

முழுப் பெயர் அலர்மேல்மங்கை. அலர் என்றால் நன்றாக விரிந்த பூ. அந்தப் பூவின் மேல் இருக்கிற மங்கை, தாமரையில் உட்கார்ந்திருக்கிற திருமகள். இப்படிப் பிரித்துக் காட்டினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். பூவுக்குத் தமிழில் ஏழு பருவம் சொல்வார்கள்: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். மலர் என்பது இதழ் திறந்த நேரம். அலர் அதற்கு அடுத்தது, இனி விரிய இடமில்லை என்கிற அளவுக்கு விரிந்துவிட்ட நிலை. அதைத் தாண்டினால் வீ, உதிர ஆரம்பித்துவிடும். ஒரு பூவின் வாழ்க்கையில் எந்த நேரத்தில் அதன் மேல் ஒருத்தி உட்கார முடியுமோ, சரியாக அந்த நேரத்துக்கு உரிய சொல்லை எடுத்துத்தான் இந்தப் பெயரைக் கட்டியிருக்கிறார்கள். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் போகவில்லை.

பெயர் எவ்வளவு பழையது என்றால், ஆயிரம் வருஷத்துக்கும் மேல். திருவாய்மொழி ஆறாம் பத்தின் கடைசித் திருமொழியில், திருவேங்கடமுடையானிடம் நம்மாழ்வார் சரணாகதி செய்யும் பாசுரம் “அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல்மங்கை உறைமார்பா” என்றுதான் தொடங்குகிறது. ‘ஒரு நொடிகூட விலகமாட்டேன்’ என்று சொல்லிக்கொண்டு அலர்மேல்மங்கை குடியிருக்கிற மார்பை உடையவனே, என்று கூப்பிடுகிறார். திருமலைக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள், அங்கே தாயாருக்குத் தனிச் சன்னதி கிடையாது. பெருமாளின் மார்பிலேயே இருக்கிறாள். தனிக் கோயில் மலைக்குக் கீழே, திருப்பதியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, திருச்சானூரில். அந்த ஊருக்கே அலமேலுமங்காபுரம் என்று இன்னொரு பேர். பிருகு முனிவர் பெருமாளின் மார்பில் உதைத்தபோது, தான் இருக்கிற இடத்தில் ஒருவர் காலை வைத்தாரே, அதைப் பெருமாளும் பொறுத்துக்கொண்டாரே என்று கோபித்துக்கொண்டு போனவள், பிறகு திருச்சானூர்க் குளத்தில் பொற்றாமரையில் தோன்றினாள் என்பது அந்த ஊர்க் கதை. கார்த்திகை மாதப் பிரம்மோற்சவத்தின் கடைசி நாளான பஞ்சமி தீர்த்தத்துக்கு மலையிலிருந்து மஞ்சள், குங்குமம், பட்டுப்புடவை எல்லாம் சீராக இறங்கி வரும். ஒரு சமயம் கோபித்துக்கொண்டு போகவும் தெரிந்தவள், ‘அகலகில்லேன்’ என்று சொல்லவும் தெரிந்தவள். என் ஆயாவும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தாள்.

சரி, இவ்வளவு தெளிவான பெயர் எப்படிப் புரியாத பெயர் ஆனது? வாயில் நடந்த வேலைதான். பேச்சில் பால் பாலு ஆகிறது, கல் கல்லு ஆகிறது, அதே மாதிரி மேல் என்பது மேலு. நடுவில் நின்ற ‘ர்’ நாக்கில் நிற்காமல் நழுவியது. கடைசியில் இருந்த மங்கையை, கூப்பிடுகிற அவசரத்தில் விட்டுவிட்டார்கள். மிச்சம் நின்றது அலமேலு. பொருள் பார்த்தால் ‘பூவின் மேல்’ என்று வருகிறது, அவ்வளவுதான், பூவின் மேல் இருப்பவள் பெயரிலேயே இல்லை. அந்தப் பூவாவது இருக்கிறதா என்றால், ‘ர்’ போனபோது அதுவும் கூடவே போய்விட்டது. ‘அல’ என்று கேட்டால் யாருக்குப் பூ ஞாபகம் வரும்? நடனக் கலைஞர் அலர்மேல் வள்ளியின் பெயரில் அந்த ‘ர்’ பத்திரமாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொலைந்த பொருள் ஒன்று கிடைத்த மாதிரி இருக்கும்.

தெலுங்குக்காரர்கள் இந்தத் தமிழ்ப் பெயரை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். 1408 முதல் 1503 வரை வாழ்ந்த அன்னமாச்சாரியார் தெலுங்கில் பாடிய கீர்த்தனைகளில் தாயாரை அலமேல்மங்க என்றுதான் அழைக்கிறார். பேச்சில் அது அலமேலுமங்க, அலிவேலுமங்க என்று மாறி, மரியாதை சேர்ந்து அலமேலு மங்கம்மா ஆனது. மங்கம்மா என்று மட்டும் சொன்னாலும் அங்கே போதும். தமிழில் நாம் முன்பாதியை வைத்துக்கொண்டு மங்கையை விட்டோம், அவர்கள் மங்கையை வைத்துக்கொண்டு முன்பாதியை விட்டாலும் பரவாயில்லை என்று இருந்தார்கள். இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தினால்தான் பெயர் முழுசாகும் போல.

எங்கள் பக்கத்தில் இந்தப் பெயர் ஏன் அத்தனை மண்டிக் கிடந்தது என்பதற்கு வரைபடத்திலேயே காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் சோளிங்கருக்குப் பக்கம், பழைய வட ஆற்காடு. 1911-ல் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்குகிற வரைக்கும் திருப்பதியும் வட ஆற்காட்டில்தான் இருந்தது. திருத்தணி 1960 ஏப்ரலில்தான் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. கோடு எங்கே போட்டாலும் மக்களுக்கு மலை அதே மலைதான். வீட்டுக்கு ஒரு ஏழுமலை, ஒரு கோவிந்தன், ஒரு வெங்கடேசன், கூடப்பிறந்தவள் அலமேலு. சாதி பார்த்து வந்த பெயர் இல்லை இது. ஐயங்கார் வீட்டிலும் இருந்தாள், செட்டிநாட்டில் அலமேலு ஆச்சியாகவும் இருந்தாள், எங்கள் ஊரில் களை எடுக்கப் போன பெண்களிலும் இருந்தாள். ஆயா காலத்தில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று அலமேலு. அடையாளத்துக்குப் பெரிய அலமேலு, கடைக்கார அலமேலு, ஏழுமலை பொண்டாட்டி அலமேலு என்று சொல்வார்கள். எங்கள் ஆயாதான் பெரிய அலமேலு.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆயாவுக்கு ஒரு தங்கை, அவள் பெயர் வேண்டா. நான்காவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டால் அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று வேண்டா என்றும் போதும்பொண்ணு என்றும் பெயர் வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இருந்தது. அக்காவுக்குத் திருமகள் பேர், தங்கைக்கு வேண்டாம் என்கிற பேர், ஒரே வீட்டில், ஒரே அம்மா வயிற்றில். சின்ன ஆயா தன் பெயரை யாராவது கேட்டால் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொல்வாள். பெயரில் என்ன இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு அந்தத் தயக்கம்தான் ஞாபகம் வருகிறது.

அப்போதெல்லாம் பெண்ணின் பெயரைக் கேட்டே ஊரைச் சொல்லிவிடலாம். காந்திமதி என்றால் திருநெல்வேலி, கோமதி என்றால் சங்கரன்கோவில், நீலாயதாட்சி என்றால் நாகப்பட்டினம், வடிவுடையாள் என்றால் திருவொற்றியூர், பெருந்தேவி என்றால் காஞ்சிபுரம், கனகவல்லி என்றால் திருவள்ளூர், கோமளவல்லி என்றால் கும்பகோணம், செங்கமலம் என்றால் மன்னார்குடி. அந்தந்த ஊர்த் தாயாரின் பெயர், அம்பாளின் பெயர், அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு. அலமேலுவுக்கு மட்டும் எல்லை கொஞ்சம் பெரிசு, ஏனென்றால் திருப்பதிக்கு எல்லா ஊரிலிருந்தும் வேண்டிக்கொண்டு போனார்கள்.

கன்னட தேசத்திலும் ஓர் அலமேலு இருக்கிறாள், அவளை விட்டுவிட்டு என்னால் எழுத முடியாது. ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆண்ட விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா. 1610-ல் மைசூர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தார். கணவனை இழந்த அலமேலம்மாவிடம் நகைகள் இருந்தன, அவற்றை ரங்கநாயகித் தாயாருக்குச் சாத்துவதற்கு என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள், பிறகு படை வந்தது. அவள் நகைகளோடு மாலங்கி என்ற இடத்தில் காவிரியில் குதித்தாள். குதிக்கும் முன்னால் தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சொன்னாளாம். கதைதான், ஆனால் தலக்காட்டுக்கு நான் போயிருக்கிறேன், கோயில்கள் மணலுக்குள்தான் இருக்கின்றன, படி இறங்கித்தான் பார்க்க வேண்டும். மைசூர் அரண்மனையில் அவளுக்குச் சிலை வைத்து இன்றைக்கும் பூஜை செய்கிறார்கள். பல தலைமுறைகளில் அங்கே தத்துப்பிள்ளை வந்ததும், 2017-ல் அந்த வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் நானூறு வருஷத்துக்கு முந்தின அந்தப் பெண்ணின் பெயரை எடுத்து எழுதியதும் நடந்தது. அவள் சாபம் பலித்ததா இல்லையா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. எல்லாவற்றையும் இழந்த ஒருத்தி பேசிய மூன்று வரி இத்தனை காலம் நிற்கிறது, அதுவும் என் ஆயாவின் பெயரில் நிற்கிறது, அதுதான் எனக்கு முக்கியம்.

இனி, பெயர் எப்படி மறைந்தது என்பதற்கு வருகிறேன். இதை எனக்குத் தெரிந்த ஒரு வீட்டை வைத்துத்தான் சொல்ல முடியும், என் வீடு.

முதல் பேத்திக்கு அப்பாவைப் பெற்ற ஆயாவின் பெயர் வைப்பது எங்களில் வழக்கம். அதன்படி எனக்கு ஜாதகத்தில் எழுதிய பெயர் அலமேலு. ஆனால் மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. என் அம்மா கடைசி வரைக்கும் ஆயா பேரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவி பேர் என்ன என்று கேட்டால் பக்கத்தில் நிற்கிற என்னைப் பார்ப்பாள், நான் சொல்ல வேண்டும். அப்படி இருக்க, பெற்ற பெண்ணை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எப்படி, சோறு ஊட்டுவது எப்படி, அதைவிடத் திட்டுவது எப்படி? அலமேலு, எருமை மாடே என்று ஒரு மருமகள் வீட்டில் சத்தம் போட முடியுமா? அதனால் நான் பாப்பா ஆனேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று பெரியப்பா, “அதே தாயார் பேர்தானே, கொஞ்சம் நாகரிகமா இருக்கட்டும்” என்று பத்மாவதி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் பாப்பா, பள்ளியில் பத்மாவதி, அலமேலு மட்டும் மஞ்சள் தடவிய ஜாதக நோட்டில்.

இப்படி எத்தனை வீட்டில் நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பெயரை வேண்டாம் என்று யாரும் ஒதுக்கவில்லை. மரியாதை அதிகமாக வைத்து, அந்த மரியாதையாலேயே வாயில் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். கூப்பிடாத பெயர் ஒரு தலைமுறைதான் தாங்கும், அடுத்த தலைமுறைக்கு அது கிழவி பேராகத்தான் காதில் விழும், ஏனென்றால் கிழவிகளிடம் மட்டும்தான் அது மிச்சம் இருக்கும்.

பெரியப்பா சொன்ன “அதே தாயார் பேர்தானே” என்பதைப் பற்றி ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அவர் சொன்னது உண்மைதான், பத்மாவதி என்றாலும் தாமரைக்காரிதான். பழைய பெண் பெயர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். அம்புஜம், பங்கஜம், கமலம், செங்கமலம், சரோஜா, பத்மா, பத்மினி, நளினி. எல்லாம் தாமரை. தமிழ் வீடுகள் தாமரையை விட்டு ஒரு நாளும் நகரவில்லை, அதைச் சொல்கிற சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அம்மாவின் தாமரை மகளுக்குப் பழசாகத் தெரியும், மகள் தன் பெண்ணுக்கு வேறு தாமரை தேடுவாள். ஆயாவைவிட நான் நாகரிகமாக இருக்கட்டும் என்று வைத்த பத்மாவதியும் இப்போது பழைய பேர்தான், என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் ஒரு பத்மா கூட இல்லை. இந்த வரிசையில் அலமேலுவுக்கு ஓர் அநியாயம் நடந்தது. பத்மா என்றால் தாமரை என்று எல்லோருக்கும் தெரியும், பங்கஜத்துக்கும் அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். அலமேலு மட்டும்தான் தமிழ்ச் சொல், அதற்குத்தான் தமிழர்களுக்கே அர்த்தம் தெரியாமல் போனது. அர்த்தம் தெரியாத பெயரை வைத்துச் சிரிப்பது சுலபம். வாரப் பத்திரிகைத் துணுக்குகளிலும் சபா நாடகங்களிலும் பூரிக்கட்டையோடு நிற்கிற மனைவிக்கு அலமேலு, அம்புஜம், பங்கஜம் என்று பேர் வைத்து வைத்து, அந்தப் பேர்களுக்கு அது ஒன்றுதான் முகம் என்று ஆக்கிவிட்டார்கள்.

அறிவொளி இயக்கம் எங்கள் ஊருக்கு வந்த சமயத்தில், 90-களின் தொடக்கம், ஆயாவுக்கு அறுபது வயது இருக்கும். சாயங்காலம் கோயில் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வைத்து ஒரு பையன் சொல்லிக்கொடுப்பான். முதலில் அவரவர் பெயர். ஆயா சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டியபடி, அ போடுவாள், ல போடுவாள். ‘மே’ வரும்போது கொம்பை மறந்துவிடுவாள், பிறகு ஞாபகம் வந்து ல-வுக்கும் ம-வுக்கும் நடுவில் இடமில்லாமல் நெருக்கிப் போடுவாள். ‘லு’வின் வாலைச் சுழிக்கிற இடத்தில் பலப்பம் கீச்சென்று சத்தம் போடும். கை ரேகை வைத்துக்கொண்டிருந்தவள் அந்த நாலு எழுத்தைக் கற்றுக்கொண்ட பிறகு பால்காரன் கணக்கு நோட்டில்கூடக் கையெழுத்துப் போட்டாள். அவள் பெயரில் ஒரு ‘ர்’ இருக்க வேண்டும் என்று அந்தத் திண்ணையில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் போய்ப் பதினொரு வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இதையெல்லாம் தம்பி மனைவிக்குப் போனில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், நன்றாகக் கேட்கிற பெண். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் செய்தி வந்தது. “அண்ணி, அலர்னு போட்டா வதந்தி, ஊர்ப்பேச்சுன்னு வருதே.” தேடிப் பார்த்திருக்கிறாள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் பார்த்தது சரிதான். சங்க இலக்கியத்தில் காதலர்களைப் பற்றி ஊர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், அதுவே வெளிப்படையாகப் பலர் வாயில் விழுந்தால் அலர். திருக்குறளில் 115-ஆவது அதிகாரமே அலர் அறிவுறுத்தல். ஆனால் அந்த அர்த்தமும் பூவிலிருந்து வந்ததுதான் என்று அவளிடம் சொன்னேன். மூடி வைத்த மொட்டு மாதிரி இருக்கிற பேச்சு அம்பல், விரிந்துவிட்டால் அலர். அதோடு அந்த அதிகாரத்தில் வள்ளுவர் அலரைக் கெட்டதாகவும் பார்க்கவில்லை, ஊர் பேசுவதால்தான் என் உயிரே நிற்கிறது என்று அங்கே முதல் குறளிலேயே காதலன் சொல்கிறான். இதற்கு அவள் ஒரு மணி நேரம் கழித்து, “நல்லா இருக்கு அண்ணி. ஆனா கூப்பிட எப்படி?” என்று கேட்டாள்.

அது நியாயமான கேள்வி. அலர்மேல்மங்கை என்று ஒரு குழந்தையைத் தெருவுக்குத் தெரு கத்திக் கூப்பிட முடியாது, நான்கு தலைமுறைக்கு முன்னாலும் அதனால்தானே சுருங்கியது. அவளே ஒரு வழி சொன்னாள்: அலர் என்று கூப்பிடலாம், இல்லாவிட்டால் மங்கை என்று கூப்பிடலாம், எது வாயில் நிற்கிறதோ அது. என் ஆயா பேர் அவளுக்கு மாமியாருக்கு மாமியார் பேர், ஆனால் என் அம்மாவுக்கு இருந்த தடை அவளுக்கு இல்லை. அவள் அதைப் பற்றி நினைத்ததாகவே தெரியவில்லை. தம்பி, “உனக்குப் பிடிச்சா எனக்குச் சரி” என்றான். பிறப்புப் பதிவில் பெயர் இல்லாமல்தான் பதிந்திருந்தார்கள், 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம், அதனால் அவசரம் இருக்கவில்லை. குழுவில் சித்தி மகன் இந்த முறை பொம்மை எதுவும் போடவில்லை, “ர் மறக்காம போடுங்க” என்று மட்டும் எழுதினான். அவன் அதைக் கவனித்திருக்கிறானே என்று எனக்கு ஆச்சரியம்.

போன ஞாயிற்றுக்கிழமை பேர் வைத்தோம். தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று முறை பேர் சொல்வது அத்தையின் வேலை. குழந்தை வேட்டித் துணிக்குள் சூடாக, பால் வாசனையோடு, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து, முழுசாக, ‘ர்’ உட்பட, மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது பின்னால் அம்மாவின் குரல் கேட்டது, அவளும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள், சன்னமாக. அறுபத்தெட்டு வயதில் அவள் வாயில் அந்தப் பேர் வந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

ஆயாவின் பித்தளைச் சொம்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமைகளில் அதற்கு மூன்று நாமம் போட்டு, கழுத்தில் துளசி சுற்றி, எங்கள் கையில் கொடுத்து அனுப்புவாள், நாங்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு ஐந்து வீட்டில் அரிசி வாங்கி வருவோம். அவள் கல்யாணச் சீரில் வந்த சொம்பு, அடியில் புள்ளி புள்ளியாக உளியால் குத்திய எழுத்து, தேய்ந்து தேய்ந்து கடைசி ‘லு’ விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அதே அளவில் குழந்தைக்கு ஒரு புதுச் சொம்பு வாங்கினேன். கடை வாசலில் பேர் வெட்டுகிறவர் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். எழுத்தை விரலால் எண்ணிப் பார்த்தார்.

“எட்டு எழுத்து வருதும்மா. அலமேலுன்னு போட்டா நாலோட முடிஞ்சிடும்.”

எட்டும் போடுங்கள் என்றேன்.